பாலைவனப் படம் எடுக்க ராஜஸ்தான் போக வேண்டுமா?

கேட்டவர் சென்னையில் இருக்கும் ஒரு குறும்பட இயக்குநர். கையில் 30 லட்சம் ரூபாய் இருக்கிறது. தண்ணீர் தீர்ந்துபோன ஒரு காலம், பாலைவனம், அதில் தன்னந்தனியாகத் திரியும் ஒரு போர்வீரன், இதுதான் கதை. முழுநீளப் படம். ராஜஸ்தான் போகணுமா, தமிழ்நாட்டிலேயே முடியுமா, கிராபிக்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கணும் என்று கேட்டுவிட்டு, கடைசியாக ஒரு வரி போட்டிருக்கிறார்: “தியேட்டரில் சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.” என்னைக் கேட்டால் உண்மையான கேள்வியே அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை தானாகப் பிடிபடும்.

நான் ஒளிப்பதிவாளன். சாலிகிராமத்தில் உதவியாளராக ஆரம்பித்து, விளம்பரம், சின்ன பட்ஜெட் படம், பெரிய படங்களில் செகண்ட் யூனிட் என்று பல வருடம் வெயிலில் நின்றவன். இடம், வெளிச்சம், உடை, பொருட்கள் பற்றித் தைரியமாகச் சொல்வேன். படத்தை எப்படி விற்பது, ஓடிடிக்காரர்கள் வாங்குவார்களா என்பதில் எனக்குத் தெரிந்தது டீக்கடைப் பேச்சு அளவுதான். அதற்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

சிரிப்பு எங்கே வரும் என்று முதலில் பார்த்துவிடுவோம். நான் பார்த்தவரை, பெரும்பாலும் உடையில் வரும். உலகம் அழிந்து முப்பது வருடம் ஆயிற்று என்று ஆரம்பத்தில் எழுத்து போடுவார்கள். அடுத்த ஷாட்டில் ஹீரோவின் பூட்ஸ் கடையில் இருந்து நேராக வந்தது போலப் பளபளக்கும். கழுத்தில் சுற்றிய துணியில் இஸ்திரி மடிப்பு தெரியும். கையில் இருக்கும் ஆயுதத்துக்குப் பெயிண்ட் காய்ந்திருக்காது. பார்க்கிறவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் கண்டுபிடித்துவிடும். அப்புறம் நீங்கள் எவ்வளவு பெரிய பாலைவனத்தைக் காட்டினாலும் அவன் திரும்பி வரமாட்டான்.

இந்த வகைப் படங்களுக்குத் தாத்தா என்று எல்லோரும் சொல்வது 1979ல் வந்த ‘மேட் மேக்ஸ்’. இயக்கிய ஜார்ஜ் மில்லர் அதற்கு முன்பு ஆஸ்பத்திரி டாக்டர். மொத்தச் செலவு சுமார் 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்; அந்தக் காலத்திலும் அது சின்னத் தொகைதான். பலர் அதைப் பாலைவனப் படமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் முதல் பாகத்தில் பாலைவனமே இல்லை. மெல்பர்ன் நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் எடுத்தது. காசு வந்த பிறகு 1981ல் வந்த இரண்டாம் பாகத்துக்குத்தான் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் இருக்கும் ப்ரோக்கன் ஹில் என்ற ஊர்ப் பக்கம் வறண்ட பூமிக்குப் போனார்கள். முதல் பாகத்தின் போலீஸ் உடைகள் பெரும்பாலும் தோலே கிடையாது, தோல் மாதிரித் தெரியும் வினைல். 2015ல் வந்த நான்காம் பாகத்தை மறுபடி ப்ரோக்கன் ஹில்லிலேயே எடுக்கப் போனபோது மழை கொட்டி, பாலைவனம் முழுக்கப் பூப்பூத்து நின்றது. யூனிட்டையே ஆப்பிரிக்காவில் நமீபியாவுக்கு மாற்றினார்கள். அவர்களால் கண்டம் தாண்ட முடிந்தது. உங்கள் பட்ஜெட்டில் ஒருமுறைதான் ஒரு தூர இடத்துக்குப் போக முடியும். எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு “இங்கே ஒரு ஷாட் குறைகிறதே” என்று தோன்றும், தோன்றாமல் இருக்காது. அப்போது காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும் தூரத்தில் உங்கள் பாலைவனம் இருக்க வேண்டும். ராஜஸ்தான் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். ஜெய்சால்மர் சென்னையில் இருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல். பேட்டா, சாப்பாடு, வண்டி வாடகையிலேயே உங்கள் பணத்தில் பாதி மணலில் ஊற்றிய தண்ணீராகிவிடும்.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது? மணல் மேடு வேண்டும் என்றால் தேரிக்காடு. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி, குதிரைமொழி பக்கம் செக்கச்செவேல் என்று கிடக்கிற மணல். மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிறம். நாலு பக்கமும் வெறும் மணல் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பனை, முந்திரி, உடைமரம் எல்லாம் பிரேமுக்குள் வந்து நிற்கும். வைடு ஷாட்டுக்குத் தோதான இடங்கள் கொஞ்சம்தான், முன்னாடியே போய்த் தேடி வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் மணலில் பச்சை தலைகாட்டும். ஜூன் பிறந்தால் தென்மேற்குக் காற்று. அந்த மேடுகளைக் குவித்ததே அந்தக் காற்றுதான். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், எடுக்க முடியாது. பிப்ரவரி கடைசியில் இருந்து மார்ச் வரை என் சிபாரிசு. ஏப்ரல் இரண்டாம் வாரம் அங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். அந்த வெளிச்சத்தில் முகத்தை எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். காலை ஆறில் இருந்து ஒன்பதரை, மாலை மூன்றரையில் இருந்து வெளிச்சம் போகும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தார்பாய் கட்டி அதன் கீழே கை, பெல்ட், குப்பி மாதிரி க்ளோஸ்அப் எடுக்கலாம். செம்மணல் வெளிச்சத்தையும் சிவப்பாகத் திருப்பி அடிக்கும். தாடைக்குக் கீழே மட்டும் தக்காளி நிறம் ஏறும். வெள்ளைத் துணியோ தெர்மாகோலோ கால்மாட்டில் போட்டால் சரியாகும். பிற்பாடு கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும் டி.ஐ.யில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நான் சொன்ன அந்த ஒரே தூரப் பயணம் தேரிக்கு இருக்கட்டும், நாலைந்து நாள் போதும். மீதியைச் சென்னைக்குப் பக்கத்தில் முடித்துவிடலாம். ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளம் இருக்கிறது, வெள்ளையாகத் தட்டையாக, எல்லையே தெரியாது. உப்பு கீழிருந்து வெளிச்சத்தை அடிப்பதால் ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆளே வேண்டாம். ஆனால் அது உழைக்கிற இடம், பாத்தியில் கால் வைத்தால் ஒருவருடைய வேலை கெடும். குத்தகைக்காரரிடம் பேசிவிட்டுத்தான் இறங்கணும். சாயங்காலம் ட்ரைபாடைத் துடைக்காமல் பெட்டிக்குள் வைத்தால் உப்பு அரித்துவிடும். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் காய்ந்து கிடக்கும் பாலாற்றுப் படுகை செங்கல்பட்டு, வாலாஜாபாத் பக்கம். பல்லாவரம், திருநீர்மலை பக்கம் பழைய கல்குவாரிகள். குவாரியில் தேங்கிய தண்ணீர் பச்சையாக அமைதியாக இருக்கும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது, உயிர்கள் போயிருக்கின்றன. விளிம்பில் ஷாட் வைக்காதீர்கள். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் குட்டைகளை யாராவது சொல்வார்கள், செவ்வாய்க் கிரகம் மாதிரி இருக்கிறது என்று. இருக்கத்தான் செய்கிறது. நுண்ணிய சாம்பல் நுரையீரலுக்குள் போவது உங்கள் யூனிட் பையன்களுக்குத்தான். அதைத் தொட வேண்டாம்.

சிவப்பு மணல், வெள்ளை உப்பு, சாம்பல்நிறப் பாறை, மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டாதே என்று கேட்பீர்கள். ஒட்ட வைக்க முயலாதீர்கள். வீரன் மூன்று நாடுகளைக் கடந்து போகிறான் என்று கதையை மாற்றுங்கள். ஒரே நிலத்தைக் காட்டி ஒன்றரை மணி நேரம் ஓட்டுவதைவிட அது நல்லது. எப்படியும் தனி ஆள் படம் என்றால் பார்க்கிறவனுக்கு மாற்றத்தைக் கொடுக்க வேண்டியது நிலம்தான்.

கதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் செலவு அங்கேதான் தீர்மானமாகிறது. நம் ஆட்களுக்குப் பாலை என்றால் புதிது கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. வழிப்பறி செய்யும் எயினர், அவர்கள் கும்பிடும் கொற்றவை, பிரிந்து போகிறவன், உச்சிவெயில் என்று பழைய பாட்டுகளில் உங்களுக்கு வேண்டிய உலகம் முழுசாக இருக்கிறது. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துத் தோளில் ஆணி வைத்த தோல் சட்டையும் மொட்டைத் தலையில் ஒற்றைக் குடுமியும் தேட வேண்டியதில்லை. சென்னைக்காரருக்கு வறட்சி எப்படி இருக்கும் என்று 2019 கோடையிலேயே தெரியும். செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. குடங்கள் கலர் கலராக வரிசையில் நின்றன. உங்கள் வீரன் முதுகில் நிறம் வெளுத்த ஒரு பிளாஸ்டிக் குடம் தொங்கட்டும். அதைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அறிவியல் எங்கே என்று கேட்டால், ஒரே ஒரு பொருளில் வையுங்கள். 2015ல் வந்த ‘இன்று நேற்று நாளை’ ஒரே ஒரு கால இயந்திரத்தை வைத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் நடத்தியது. மற்றதெல்லாம் நாம் பார்க்கிற ஊர், நாம் பார்க்கிற ஆட்கள். உங்கள் கதைக்கு நான் யோசித்துப் பார்த்தது ஆர்.ஓ. சவ்வு, உப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் விடும் மெல்லிய வடிகட்டி. கடல் தண்ணீரைக் குடிநீராக்க அந்தச் சவ்வு வழியாக மிகப் பெரிய அழுத்தத்தில் தள்ள வேண்டும். ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். கையால் அடிக்கிற சின்ன பம்புகள் நிஜமாகவே இருக்கின்றன, கப்பல்களின் உயிர்காப்புப் படகில் வைக்கிறார்கள். சின்ன மாடலில் ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் சுமார் 1 லிட்டர் வரும். இப்போது யோசித்துப் பாருங்கள்: உங்கள் வீரன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றால் உப்பு ஊற்றுப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், இரண்டு கையும் பம்பில் இருக்கும், வாளைத் தரையில் வைத்திருப்பான். எதிரி வர வேண்டிய நேரம் அதுதானே? இன்னொன்று, ஒருமுறை நனைந்த சவ்வு மறுபடி காய்ந்துபோனால் கெட்டுவிடும். அதனால் அவன் குடிக்க வைத்திருக்கும் கொஞ்சத் தண்ணீரில் சவ்வுக்கும் பங்கு கொடுக்கணும். இதற்கு கிராபிக்ஸ் வேண்டாம், ஒரு பழைய குழாயும் ஒரு நல்ல நடிகரும் போதும்.

உடைக்கும் பொருட்களுக்கும் சென்னையைவிட நல்ல ஊர் கிடையாது. புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட வண்டி உதிரிகள், பெரியமேட்டில் தோல் வெட்டு மிச்சங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் செத்த சர்க்யூட் போர்டுகள், காசிமேட்டில் பழைய மீன்வலை, கயிறு, மிதவை. மீன்வலையை நாலு மடிப்பாகத் தோளில் போட்டால் நல்ல போர்வை. எதை வாங்கினாலும் பழையதாகவே வாங்குங்கள், புதிதை வாங்கிப் பழசாக்குவது இரட்டை வேலை. வேறு வழியில்லாமல் புதுத்துணி எடுத்தால், டீ டிகாஷனில் ஊறவைத்து வெயிலில் போட்டு, முட்டி, முழங்கை, பை வாய் என்று மனிதன் உரசும் இடங்களில் மட்டும் இரும்புப் பிரஷ் போடச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுக்கு இருந்தால் அது அழுக்காகத் தெரியாது, பெயிண்டாகத் தெரியும். மேலே தூவ முல்தானி மிட்டி நல்லது, தோலை அரிக்காது. நடிகர் அந்த உடையைப் படப்பிடிப்புக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் போட்டு நடக்கட்டும். முழுப் படத்துக்கும் ஒரே உடை என்பதால் அதேபோல் இன்னும் இரண்டு செட் வேண்டும், ஒன்று சண்டை டூப்புக்கு.

முகத்தை மூடுங்கள். வாயை மறைக்கும் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. பாலைவனத்தில் அது இயல்பு, உங்களுக்கோ லாபத்துக்கு மேல் லாபம். டூப் போட்டது தெரியாது. உதடு தெரியாததால் வசனத்தை எடிட்டிங் முடிந்த பிறகு கூட மாற்றலாம். தேரிக் காற்றில் லைவ் சவுண்டு எப்படியும் உருப்படாது. டப்பிங்குக்கு அடையாளமாகப் பைலட் டிராக் என்ற தற்காலிக ஒலிப்பதிவு மட்டும் எடுத்துவிட்டு டப்பிங்கில் செய்யப்போகிறீர்கள். ‘மேட் மேக்ஸ்’ படத்தையே அமெரிக்காவில் முதலில் வெளியிட்டபோது ஆஸ்திரேலிய உச்சரிப்பு வேண்டாம் என்று அமெரிக்கக் குரல் போட்டார்கள். மிச்சமாகும் பணத்தைச் சத்தத்தில் போடுங்கள். காலடி, தோல் முறுகல், பம்ப் அடிக்கும் மூச்சு, இதையெல்லாம் நல்ல ஃபோலி கலைஞரை, அதாவது இந்தச் சத்தங்களை ஸ்டுடியோவில் செய்து பதிவு செய்பவரை, வைத்துச் செய்தால் படம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். இது என் அபிப்பிராயம்தான். முகம் தெரியாவிட்டால் ரசிகர் ஒட்டமாட்டார் என்று சொல்லும் இயக்குநர்களும் உண்டு, அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. படத்தில் மூன்று இடத்திலாவது துணியை இறக்குங்கள்.

மணலில் வேலை செய்யும்போது யாரும் சொல்லித்தராத தலைவலி காலடித் தடம். மேடு காலையில் கோடு கோடாகக் கலையாமல் இருக்கும், நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், டீ கொண்டுவரும் பையன் குறுக்கே போவான். முடிந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத உலகில் முப்பது ஜோடி செருப்புத் தடம். அதனால் எல்லா மேட்டுக்கும் முதலில் வைடு, தூரத்தில் இருந்து. அப்புறம் மெல்ல நெருங்கி வாருங்கள். யூனிட் முழுக்கக் கேமராவுக்குப் பின்னால் ஒரே வரிசையில் நடக்கணும், அதற்குக் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்துங்கள். வீரன் நடந்து போகும் ஷாட்டுக்கு இரண்டாவது டேக் அதே இடத்தில் கிடைக்காது. பத்தடி தள்ளி இன்னொரு பாதை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். நெருங்கிய ஷாட்டுகளுக்கு வலையை மணல் மேல் இழுத்துத் தடத்தை அழிக்கலாம், ஆனால் வைடில் அந்த இழுப்பு தெரியும். லென்ஸ் மாற்றும்போது மணல் உள்ளே போகும், ஆகவே ஒரு நல்ல ஜூமை மாட்டிவிட்டு நாள் முழுக்கக் கழற்றாதீர்கள். டிராலி தண்டவாளம் மணலில் அமிழும், கீழே பிளைவுட் வேண்டும். வண்டி டயரில் காற்றைப் பாதி இறக்கினால்தான் மணலில் ஓடும். ரோட்டுக்கு வந்ததும் அடித்துக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரசர் கையில் இருக்கட்டும்.

சண்டையை மணலில் வைக்காதீர்கள். கால் புதையும், குத்து வேகம் குறையும், ஃபைட் மாஸ்டர் எவ்வளவு கத்தினாலும் வேகம் வராது. ஆரம்பமும் விழுவதும் மணலில், நடுவில் உள்ள அடிதடி எல்லாம் ஆற்றுப் படுகையின் கெட்டித் தரையில் என்று பிரித்து எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். குதிரை, ஒட்டகம் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி இல்லாமல் சென்சார் சான்றிதழ் கிடைக்காது, அதற்கான காகித வேலையும் காத்திருப்பும் சின்ன யூனிட்டுக்குக் கட்டாது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. தேரியில் காப்புக்காடாக இருக்கும் பகுதிக்கு வனத்துறை அனுமதி கட்டாயம், ஆற்றுப் படுகைக்கு வேறு துறை, எங்கே போனாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கடிதம். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், நேரில் போய்க் கேளுங்கள். ட்ரோனுக்கு 2021 விதிப்படி வான்பரப்பு வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் பறக்கவிடணும். திருச்செந்தூர் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். உங்கள் கதைக்கு அது எவ்வளவு பொருத்தமோ, ட்ரோனுக்கு அவ்வளவு சிக்கல். தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5, 6 லிட்டர் கணக்குப் போடுங்கள், ஓ.ஆர்.எஸ். பெட்டியில் இருக்கட்டும். தலை சுற்றுகிறது என்று யார் சொன்னாலும் அவரை நிழலுக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்த ஷாட்.

கிராபிக்ஸுக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். தொகை சொல்ல எனக்கு ஸ்கிரிப்ட் தெரிய வேண்டும், ஆனால் எதற்கு என்று சொல்ல முடியும். அழிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: செல்போன் டவர், தூரத்துக் காற்றாலை, தப்பிப்போன செருப்புத் தடம், சண்டைக் கயிறு. இதெல்லாம் செய்யத் தெரிந்த பையன்கள் வடபழனியில் நிறைய பேர் இருக்கிறார்கள், விலையும் அடக்கம்தான். கேமரா அசையாமல் நிற்கும் ஷாட்டில் அழிப்பது சுலபம், கையில் பிடித்து ஆட்டி எடுத்த ஷாட்டில் அதே வேலைக்குப் பல மடங்கு கேட்பார்கள். அதனால் அழிக்க வேண்டியது பிரேமில் இருந்தால் ட்ரைபாடில் வையுங்கள். புதிதாக ஒன்றை உருவாக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே ஒரு ஷாட், தூரத்தில், புழுதிக்குப் பின்னால், ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். காற்றாலைகளைக்கூட எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். இரண்டு மூன்றின் இறக்கையை மட்டும் நீக்கிவிட்டு வெறும் தூணாக விட்டால், உங்கள் உலகத்துக்கு அதுவே செட்.